காத்திருந்த வால்வு திறக்குமா?

காவிரி இரண்டாகப் பிரிந்து திருவரங்கத்தைத் தீவாக்கிச் செல்கிறது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால், எந்தக் கிளையில் எவ்வளவு நீர் செல்ல வேண்டும் என்பது திருவரங்கத்தில் முடிவாவதில்லை. திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ள முக்கொம்பில், மேலணையின் கதவுகளே அதைத் தீர்மானிக்கின்றன. கதவைத் தூக்கினால் நீர் பாயும், இறக்கினால் நிற்கும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, வெள்ளத்தின் வேகம் தாங்காமல் அங்குள்ள கதவுகளில் ஒன்பது இடிந்து விழுந்தன. உடனே ஆட்கள் ஓடினார்கள். பாறைகளையும் மணல் மூட்டைகளையும் கொட்டி உடைப்பை அடைத்தார்கள். கதவு கெட்டுவிட்டது என்பதைக் கண்ணால் காண முடிந்தது. கையால் ஏதாவது செய்யவும் முடிந்தது.

இனி வேறொரு கதவைக் கற்பனை செய்து பாருங்கள். அது உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுடையது. பூமியிலிருந்து இருபது கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பல மாதங்களாக மூடியே கிடக்கிறது. குறித்த ஒரு நாளில், குறித்த ஒரு நொடியில் அது திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் ஓடிச் சென்று தட்டிப் பார்க்க ஆளில்லை. விண்கலங்களின் உந்திகளில் உள்ள வால்வுகளின் நிலை இதுதான். அத்தகைய வால்வுகளைத் தரையிலேயே எப்படிச் சோதிக்கிறார்கள், அதன் அடிப்படையை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நாமே எப்படிக் கண்டறியலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

உந்தியும் வால்வும்

ஏவூர்தியிலிருந்து பிரிந்த பிறகும் செயற்கைக்கோளுக்கு வேலை இருக்கிறது. அது தன் பாதையை உயர்த்திக்கொள்ள வேண்டும்; சரியான திசையை நோக்கித் திரும்ப வேண்டும். விண்வெளியில் உதைத்துத் தள்ளத் தரையும் இல்லை, காற்றும் இல்லை. எனவே தன்னிடமுள்ள பொருளையே வேகமாக வெளியே பீய்ச்சி, அதன் எதிர்விளைவால் நகர்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. இதற்கென அமைந்த சிறு ராக்கெட்டுகளையே உந்திகள் என்கிறோம்.

இந்தியச் செயற்கைக்கோள்கள் பலவற்றில் இரு திரவங்கள் பயன்படுகின்றன. ஒன்று மோனோ மெதில் ஹைட்ரசின் என்னும் எரிபொருள். மற்றொன்று, அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜனைத் தரும் ஆக்சிஜனேற்றி. இது நைட்ரஜன் டெட்ராக்சைடைக் கொண்டது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டவுடனே பற்றிக்கொள்ளும். தீப்பொறி வேண்டியதில்லை. ஆகவே உந்தியை 'எரியவிடு', 'அணைத்துவிடு' என்று கட்டளையிடுவது உண்மையில் இரண்டு வால்வுகளைத் 'திற', 'மூடு' என்று கட்டளையிடுவதே ஆகும்.

திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் உள்ள பாரத மிகுமின் நிறுவனத்தில் அனல் மின்நிலையங்களுக்கான வால்வுகள் தயாராகின்றன. அவற்றில் பல ஆளுயரம் உடையவை. மின்நிலையத்தில் வால்வு பழுதானால் கொதிகலனை நிறுத்திவிட்டுச் சரிசெய்யலாம். உந்தியின் வால்வோ அளவில் மிகச் சிறியது. பழுதானால் சரிசெய்ய வழியே இல்லாதது.

முந்நூறு நாள் உறக்கம்

2013ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் புறப்பட்டது. டிசம்பர் 1ஆம் நாள் அதன் முதன்மை எஞ்சின் எரிந்து, பூமியின் பிடியிலிருந்து அதை விடுவித்தது. அதன் பின் அந்த எஞ்சினுக்கு நீண்ட ஓய்வு. ஏறத்தாழ 300 நாட்கள் கழித்து, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் அருகே அது மீண்டும் எரிய வேண்டும். எரிந்தால் கலம் வேகம் குறைந்து செவ்வாயைச் சுற்றும். எரியாவிட்டால் செவ்வாயைக் கடந்து போய்விடும்.

அந்த எஞ்சினின் உந்துவிசை 440 நியூட்டன். அதாவது, பூமியில் 45 கிலோ நிறையைத் தூக்கிப் பிடிக்கப் போதுமான விசை. அதைச் சூழ்ந்து, 22 நியூட்டன் விசையுடைய எட்டுச் சிறு உந்திகளும் இருந்தன. இத்தனை நாள் மூடிக் கிடந்த வால்வுகள் திறக்குமா என்பதே அனைவரின் கவலையும். இதை எண்ணியே பொறியாளர்கள் திரவங்கள் செல்ல இரண்டாவது குழாய் வழியையும் கூடுதல் வால்வுகளையும் முன்கூட்டியே அமைத்திருந்தார்கள். ஒரு வழி அடைபட்டாலும் மறு வழி இருக்கும்.

செப்டம்பர் 22 அன்று வெறும் 4 நொடிகள் மட்டும் எஞ்சினை எரித்துப் பார்த்தார்கள். எரிந்தது. இரண்டு நாள் கழித்து ஏறக்குறைய 24 நிமிடங்கள் எரிந்து, கலத்தைச் செவ்வாயின் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அப்போது வானொலி அலைகள் அங்கிருந்து இங்கு வந்து சேரவே 12 நிமிடங்களுக்கு மேலாகும். வால்வு திறக்கவில்லை என்ற செய்தி நமக்குக் கிடைக்கும்போது காலம் கடந்திருக்கும். எனவே கட்டளைகள் யாவும் முன்னரே கலத்தின் கணிப்பொறியில் பதியப்பட்டிருந்தன.

திறக்காத கதவுகள், மூடாத கதவுகள்

எல்லா வால்வுகளுக்கும் இப்படி நல்ல முடிவு வாய்ப்பதில்லை. 2025ஆம் ஆண்டு ஜனவரி 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் 100ஆவது ஏவுதலாக என்.வி.எஸ்-02 என்னும் வழிகாட்டுச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. ஏவூர்தி தன் பணியைச் சரியாகவே செய்தது. ஆனால், பாதையை உயர்த்துவதற்காக உந்தியை எரிக்க வேண்டிய வேளையில், ஆக்சிஜனேற்றியை உள்ளே விட வேண்டிய வால்வுகள் திறக்கவில்லை என்று இஸ்ரோ அறிவித்தது. 2,250 கிலோ எடையுள்ள அச்செயற்கைக்கோள் உரிய இடத்தை அடைய முடியாமல் நீள்வட்டப் பாதையிலேயே தங்கிவிட்டது.

திறக்காதது ஒரு வகைத் தொல்லை என்றால், மூடாதது மற்றொரு வகை. 1966 மார்ச் 16 அன்று நீல் ஆம்ஸ்டிராங்கும் டேவிட் ஸ்காட்டும் ஜெமினி-8 கலத்தில் சென்றபோது, ஓர் உந்தி அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. கலம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று என்ற வேகத்தில் சுழன்றது. வேறு உந்தித் தொகுதியைப் பயன்படுத்தி ஆம்ஸ்டிராங் அதை அடக்கினார்; பயணம் பாதியில் முடிந்தது. நிலவில் முதலில் கால் வைத்தவரின் வாழ்வு அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஒரு சிறு உந்தியால் முடிந்திருக்கக் கூடும்.

2021 ஆகஸ்டில் போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர் கலம் ஏவுதளத்தில் காத்திருந்தபோதே அதன் 24 ஆக்சிஜனேற்றி வால்வுகளில் 13 இறுகிப்போயின. கசிந்த நைட்ரஜன் டெட்ராக்சைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி, உலோகத்தை அரித்திருந்தது. காத்திருப்பதும் வால்வுக்கு ஒரு சோதனைதான் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

பார்க்காமலே அறிவது எப்படி?

சுவருக்கு அப்பால் இருக்கும் வால்வு திறந்ததா, இல்லையா என்பதைப் பார்க்காமலே அறிய முடியுமா? முடியும். அதற்குப் பள்ளிப் பாடத்தில் படித்த லென்ஸ் விதியே போதும்.

மின்சாரத்தால் இயங்கும் எளிய வால்வின் உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சுருளின் நடுவே ஓர் இரும்பு உருளை. அதை ஒரு சுருள்வில் கீழ்நோக்கி அழுத்தி, திரவம் செல்லும் துளையை அடைத்து வைத்திருக்கிறது. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அது மின்காந்தமாகி உருளையை மேலே இழுக்கும், துளை திறக்கும். மின்னோட்டம் நின்றால் சுருள்வில் உருளையைப் பழைய இடத்திற்குத் தள்ளும், துளை மூடும்.

விசையைப் போட்டவுடன் சுருளில் மின்னோட்டம் ஒரேயடியாக முழு அளவை எட்டுவதில்லை. சுருளின் தன்மின்தூண்டல் அதைத் தடுக்கிறது. வேகமாகத் தொடங்கி, மெல்ல மெல்ல அது முழு அளவை நெருங்குகிறது. பாடநூலில் காணும் வழவழப்பான வளைகோடு இதுவே.

ஆனால், உருளை அசையும்போது கதை மாறுகிறது. இரும்பு சுருளுக்குள் ஏறும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப்பாயம் திடீரென்று கூடுகிறது. அந்த மாற்றத்தை எதிர்க்கும் திசையில் ஒரு மின்னியக்கு விசை தோன்றுகிறது. அதனால் ஏறிக்கொண்டிருந்த மின்னோட்டம் ஒரு கணம் கீழே இறங்குகிறது. உருளை மேலே போய் முட்டி நின்றதும் மறுபடி ஏறத் தொடங்குகிறது. வளைகோட்டில் ஒரு சிறு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளம் 'நான் அசைந்தேன்' என்று வால்வே கூறும் செய்தி. எப்போது அசைந்தது என்பதையும் அது கூறிவிடுகிறது. தரைச் சோதனைகளில் பொறியாளர்கள் தேடிப் பார்க்கும் அடையாளங்களுள் இது முக்கியமானது.

எங்கள் ஆய்வு மேடை

இப்பள்ளத்தை மாணவர்களுக்கு நேரில் காட்ட வேண்டும் என்று விரும்பினேன். விண்கல வால்வு எங்களுக்குக் கிடைக்காது. ஆனால், வீடுகளில் உள்ள குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியில் 24 வோல்ட்டில் இயங்கும் சிறு வால்வு ஒன்று இருக்கிறது. திருவரங்கத்தில் அத்தகைய கருவிகளைப் பழுது பார்ப்பவர் ஒருவர் பழைய வால்வுகள் இரண்டைக் கொடுத்து உதவினார். மற்ற பொருள்களை மெயின்கார்டு கேட் அருகே ஒரு கடையில் வாங்கினோம்.

அமைப்பு எளிது. ஆய்வகத்துக்கு மேலே ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து ஒரு குழாய் வழியே வால்வுக்கு நீர் வருகிறது. நீர்தான் எங்கள் எரிபொருள். வால்வைத் திறந்து மூடும் மின்விசையாக ஒரு டிரான்சிஸ்டர். அதற்குக் கட்டளையிட ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தி. சுருளோடு தொடராக 1 ஓம் மின்தடை ஒன்றை இணைத்து, அதன் இரு முனைகளையும் அலைவுகாட்டிக்குக் கொடுத்தோம். மின்தடை 1 ஓம் என்பதால் அலைவுகாட்டி காட்டும் வோல்ட்டே ஆம்பியராகவும் ஆகிறது. தனியே கணக்கிட வேண்டியதில்லை. கீழே ஒரு முகவை, பக்கத்தில் தராசு.

சுருளின் மின்தடை 79 ஓம். தொடர் மின்தடையோடு சேர்த்து 80 ஓம். 24 வோல்ட்டை 80 ஓமால் வகுத்தால் 0.3 ஆம்பியர். அலைவுகாட்டியின் கோடு ஏறி 0.3இல் நின்றது. ஏறும் வழியில், விசை போட்ட சுமார் 10 மில்லி வினாடியில், தெளிவாக ஒரு பள்ளம் விழுந்தது. ஒரு மில்லி வினாடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காதுக்குக் கேட்ட 'டிக்' ஒலியும் கண்ணுக்குத் தெரிந்த பள்ளமும் ஒன்றே என்று உணர்ந்தபோது மாணவர்கள் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

போலி வால்வு சொன்ன பொய்

விண்கலம் கட்டுவோர்க்கு இன்னொரு சிக்கல் உண்டு. கலத்தின் கணிப்பொறி சரியான நேரத்தில் சரியான கட்டளைகளைத் தருகிறதா என்று ஆயிரக்கணக்கான முறை சோதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உண்மையான வால்வைத் திறந்தால் அது தேய்ந்துவிடும். ஆகவே வால்வு இருக்க வேண்டிய இடத்தில் அதைப் போல நடிக்கும் மின்சுற்று ஒன்றை இணைப்பார்கள். கணிப்பொறி அதை உண்மை வால்வு என்றே எண்ணிக் கட்டளையிடும். அக்கட்டளை எத்தனை மில்லி வினாடி நீடித்தது என்பதை மற்றொரு கணிப்பொறி அளந்து, 'இவ்வளவு நேரம் உந்தி எரிந்தால் கலம் இவ்வளவு திரும்பியிருக்கும்' என்று கணக்கிட்டுப் பதில் அனுப்பும். மேசையை விட்டு நகராமலே கலம் செவ்வாய் வரை போய்விடும்!

நாங்களும் போலி வால்வு ஒன்று செய்தோம். சுருளின் மின்தடை 79 ஓம்தானே? ஏறக்குறைய அதே அளவுள்ள மின்தடை ஒன்றை வால்வுக்குப் பதிலாக இணைத்தோம். இரண்டு நாள் ஆயிரக்கணக்கான துடிப்புகளைக் கொடுத்துப் பார்த்தோம். சுற்று மிகச் சிறப்பாக இயங்கியது. மூன்றாம் நாள் உண்மை வால்வை இணைத்தோம். சில துடிப்புகளிலேயே டிரான்சிஸ்டர் எரிந்துபோயிற்று.

பிழை எங்களுடையதுதான். மின்தடைக்குத் தன்மின்தூண்டல் இல்லை, சுருளுக்கு உண்டு. எங்கள் சுருளின் தன்மின்தூண்டல் எண் சுமார் 0.64 ஹென்றி. அதில் ஓடும் 0.3 ஆம்பியர் மின்னோட்டம் 0.1 மில்லி வினாடியில் நின்றுபோவதாகக் கொள்வோம். அப்போது தூண்டப்படும் மின்னழுத்தம் 0.64 × 0.3 ÷ 0.0001, அதாவது 1,900 வோல்ட்டுக்கு மேல்! டிரான்சிஸ்டர் தாங்கக்கூடியதோ 100 வோல்ட். சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடை இணைத்து, நின்றுபோகும் மின்னோட்டம் சுற்றி ஓடி அடங்க வழிவிட வேண்டும். அதை நாங்கள் மறந்திருந்தோம். போலி வால்வு அதை எங்களுக்கு நினைவூட்டவில்லை. ஏனெனில் அதற்கு அந்தக் குணமே கிடையாது. போலியில் எந்தப் பண்பை விட்டுவிடுகிறோமோ, அந்தப் பண்பால் வரும் பிழையைச் சோதனை ஒருபோதும் காட்டாது.

பின்னர், உருளை அசையாதபடி நிலையாகப் பொருத்திய ஒரு பழைய வால்வின் சுருளையே போலியாக வைத்தோம். அதற்கு மின்தடையும் உண்டு, தன்மின்தூண்டலும் உண்டு. ஆனால் வளைகோட்டில் பள்ளம் விழவில்லை. ஒரு மாணவர் அதைக் குறையாகச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அது குறையன்று. மின்சாரம் வந்தும் திறக்காத வால்வுக்கு இதைவிடச் சிறந்த போலி இல்லை! பள்ளத்தைத் தேடும் நிரல் ஒன்றை நுண்கட்டுப்படுத்திக்கு எழுதி, இந்தச் சுருளை இணைத்தபோது 'திறக்கவில்லை' என்று அது சரியாக அறிவித்தது.

ஒரு சொட்டின் கணக்கு

டையோடு இணைத்ததும் டிரான்சிஸ்டர் பிழைத்தது. ஆனால் ஒரு புதிய வியப்பு காத்திருந்தது. எங்கள் வால்வு திறந்திருக்கும்போது நொடிக்கு 20 கிராம் நீர் பாயும். 50 மில்லி வினாடித் துடிப்பு ஒன்றில் 1 கிராம் நீர் வர வேண்டும். ஒரு கிராமை அளப்பது கடினம் என்பதால் 100 துடிப்புகளைக் கொடுத்து, முகவையை நிறுத்தோம். 100 கிராம் எதிர்பார்த்தோம். தராசு காட்டியது 130 கிராம்.

அலைவுகாட்டியே விடை தந்தது. வால்வு 10 மில்லி வினாடி தாமதமாகத் திறக்கிறது. ஆனால் மூடும்போது, டையோடு வழியே மின்னோட்டம் மெதுவாகச் சுற்றி அடங்குவதால், 25 மில்லி வினாடி தாமதமாகிறது. 50 என்று கட்டளையிட்டால் உண்மையில் 65 மில்லி வினாடி திறந்திருக்கிறது. டையோடுடன் 33 வோல்ட் செனார் டையோடு ஒன்றைச் சேர்த்தோம். எதிர் மின்னழுத்தம் கூடியதால் மின்னோட்டம் விரைந்து அடங்கியது. மூடும் தாமதம் 12 மில்லி வினாடியாகக் குறைந்தது. இப்போது 100 துடிப்புகளுக்கு 104 கிராம்.

இது அற்ப வேறுபாடு என்று எண்ண வேண்டாம். 22 நியூட்டன் உந்தி 50 மில்லி வினாடி எரிந்தால், 1,000 கிலோ எடையுள்ள கலத்தின் வேகம் நொடிக்கு 1.1 மில்லிமீட்டர் மாறும். ஒவ்வொரு துடிப்பும் 30 விழுக்காடு மிகையானால் கலம் வேண்டிய அளவைத் தாண்டித் திரும்பும். பிறகு எதிர்ப்பக்க உந்தியால் அதைத் திருத்த வேண்டும். இப்படி மாறிமாறித் திருத்துவதில் எரிபொருள் வீணாகும். எரிபொருள் தீர்ந்த நாளே பல செயற்கைக்கோள்களின் பணி முடியும் நாள்.

விடுமுறைக்குப் பின்

ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்து கல்லூரி மூடியது. குழாயில் இருந்த நீரை வடித்துவிட்டு மேடையை ஒரு துணியால் மூடி வைத்தோம். கோடை கழிந்து ஜூன் மூன்றாம் வாரத்தில் திரும்பி வந்து விசையைப் போட்டோம். 'டிக்' ஒலி கேட்கவில்லை. முகவை காய்ந்து கிடந்தது.

"சார், கரண்ட் போகுது, ஆனா தண்ணி வரலை" என்றார் ஒரு மாணவி.

அலைவுகாட்டியில் கோடு வழவழப்பாக ஏறி 0.3 ஆம்பியரில் நின்றது. பள்ளம் இல்லை. அசையாத உருளையுடைய எங்கள் போலி வால்வு காட்டிய அதே கோடு! கம்பி அறுந்திருந்தால் மின்னோட்டமே இருந்திருக்காது. தொட்டி காலியாக இருந்திருந்தால் பள்ளம் இருந்திருக்கும், நீர் மட்டும் வந்திராது. ஆகவே மின்சாரமும் சரி, சுருளும் சரி. உருளைதான் இறுகிவிட்டது என்று வால்வைத் திறக்காமலே முடிவு செய்தோம். பிறகு கழற்றிப் பார்த்தபோது உருளையைச் சுற்றி வெண்ணிற உப்புப் படிவு. ஆழ்குழாய்க் கிணற்று நீரின் வேலை அது. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் துடைத்தோம்.

மீண்டும் பொருத்தியதும் 'டிக்' என்று திறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் பள்ளம் 10 மில்லி வினாடியில் விழவில்லை, 14இல் விழுந்தது. நீர் தாராளமாக வருகிறது, ஒலியும் கேட்கிறது. வெளித்தோற்றத்தில் குறையே இல்லை. ஆயினும் உள்ளே எங்கோ உராய்வு மிச்சம் இருக்கிறது என்பதை அந்த 4 மில்லி வினாடி காட்டிக்கொடுத்தது. முழுதும் இறுகிப்போவதற்கு முன்பே வால்வு இப்படி முறையிடுகிறது. கேட்க ஏற்பாடு செய்திருந்தால் நமக்குக் கேட்கும்.

இரண்டு சாட்சிகள்

பள்ளத்தை மட்டும் நம்பிவிடலாமா? கூடாது. உருளை அசைந்தது என்றுதான் பள்ளம் கூறும். திரவம் போதிய அளவு சென்றது என்று கூறாது. 2024 ஜூன் மாதம் சுனிதா வில்லியம்சையும் புட்ச் வில்மோரையும் ஏற்றிச் சென்ற ஸ்டார்லைனர், விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது அதன் உந்திகளில் ஐந்து செயலிழந்தன. நான்கு பின்னர் மீண்டன. காரணத்தை அறியக் கலத்தின் உந்திகளைக் கழற்றிப் பார்க்க வழியில்லை. அவை இருந்த பகுதி பூமிக்குத் திரும்பும்போது காற்றில் எரிந்துவிடும்.

எனவே அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்து ஒயிட் சாண்ட்ஸ் சோதனை நிலையத்தில் அதே வகை உந்தி ஒன்றை மேடையில் பூட்டி, விண்ணில் கொடுத்த அதே துடிப்புகளை வரிசையாகக் கொடுத்தார்கள். பிறகு கழற்றிப் பார்த்தார்கள். ஆக்சிஜனேற்றி வால்வில் இருந்த டெஃப்லான் அடைப்பு வெப்பத்தால் புடைத்து, திரவம் செல்லும் வழியைக் குறுக்கியிருந்தது. இந்தச் சோதனைகளின் முடிவுகளையும் ஆராய்ந்த பிறகு, ஆட்கள் இன்றியே கலத்தைத் திருப்பிக் கொண்டுவர முடிவு செய்தார்கள். அது 2024 செப்டம்பர் 7 அன்று தரையிறங்கியது. வீரர்கள் இருவரும் 2025 மார்ச் 18 அன்று வேறொரு கலத்தில் நலமாகத் திரும்பினார்கள்.

ஆக, மின்னோட்டம் ஒரு சாட்சி. பாய்ந்த திரவத்தின் அளவு இன்னொரு சாட்சி. எங்கள் மேடையில் அலைவுகாட்டியும் தராசும் அருகருகே இருப்பது இதனால்தான். இரண்டும் ஒத்துப்போனால்தான் வால்வு நலம் என்று எழுதுகிறோம்.

மகேந்திரகிரியில்

திருச்சியிலிருந்து நாகர்கோவில் செல்லும் இரயிலில் வள்ளியூரைத் தாண்டியதும் மேற்கே உயர்ந்து தெரியும் மலை மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில் இஸ்ரோ உந்துவிசை வளாகம் இருக்கிறது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்திற்கென, கலத்தின் சேவைப் பகுதியில் உள்ள உந்துவிசை அமைப்பு முழுவதையும் அங்கே தரையில் மாதிரியாக அமைத்து எரித்துப் பார்த்தார்கள். இவ்வமைப்பில் 440 நியூட்டன் எஞ்சின்கள் ஐந்தும், 100 நியூட்டன் உந்திகள் பதினாறும் உள்ளன. எல்லாம் திட்டப்படி நடந்தால் எப்படி இயங்கும் என்பதோடு, ஏதேனும் கெட்டால் எப்படி இயங்கும் என்பதையும் சோதித்தார்கள். 2025 ஜூலை 11 அன்று 350 நொடி நீடித்த முழுநேரச் சோதனையோடு அவ்வரிசை நிறைவுற்றது. அங்கே திறந்து மூடிய ஒவ்வொரு வால்வின் பின்னும் ஒரு மனித உயிர் இருக்கிறது.

மாணவ நண்பர்களே, இம்மேடையை நீங்களும் உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ அமைக்கலாம். 24 வோல்ட் நேர்மின்சாரத்தை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் வால்வுகளைத் தொட வேண்டாம். நீரைத் தவிர வேறு திரவமும் வேண்டாம். டையோடை இணைக்க மறவாதீர்கள். முதல் நாளே நல்ல வால்வின் வளைகோட்டை வரைந்து, நாளிட்டு வையுங்கள். பின்னர் மாதம் ஒருமுறை பள்ளம் எத்தனையாவது மில்லி வினாடியில் விழுகிறது என்று குறித்து வாருங்கள்.

எங்கள் ஆய்வகச் சுவரில் அத்தகைய அட்டவணை ஒன்று தொங்குகிறது. ஜூன் மாதத்தில் 14. மறுபடியும் கழற்றித் துப்புரவு செய்த பின் ஜூலையில் 11. அடுத்த கோடை விடுமுறைக்கு முன் வால்வை நன்றாக உலர்த்தி வைப்பது என்று மாணவர்கள் அதன் கீழே எழுதி வைத்திருக்கிறார்கள்.